பிள்ளைக்கு அடினொயிட் எடுக்க வேண்டுமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கான முழு வழிகாட்டி

"மகனுக்கு அடினொயிட் பெருத்திருக்கு. எடுத்துவிட்டால் நல்லது." டொக்டர் இதைச் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். கல்லடிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும்? நாலு வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தால் பிழையா?

அது தை மாதம். அந்த வருடம் புரட்டாதியில் என் மகனுக்கு ஒபரேஷன் செய்தோம். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் தங்கச்சியின் மகளுக்கும் அதே வருடம் அதே வார்த்தைதான் சொல்லப்பட்டது. அவளுக்கு ஒபரேஷன் செய்யவில்லை. இரண்டும் சரியான முடிவுகள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரே பெயருள்ள பிரச்சினைக்கு இரண்டு வீட்டில் இரண்டு முடிவு எப்படி வந்தது என்பதை, நாங்கள் போன வழியிலேயே படிப்படியாக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, ஒரு தாய். கேட்டும் வாசித்தும் பார்த்தும் அறிந்ததை எழுதுகிறேன். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற டொக்டரின் சொல்லோடு சேர்த்து இதை வாசியுங்கள்.

முதலில்: அடினொயிட் எங்கே இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் டொன்சில், உள்நாக்கு, அடினொயிட் மூன்றையும் சேர்த்து "தொண்டையில சதை வளருது" என்று சொல்லிவிடுவார்கள். மூன்றும் வேறு வேறு. உள்நாக்கு வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது. டொன்சில் அதன் இரண்டு பக்கமும் இருப்பது. அடினொயிட் மூக்குத் துவாரங்கள் முடிகிற இடத்தில், மேலண்ணத்துக்கும் மேலே ஒளிந்திருக்கிற சதை போன்ற ஒரு திட்டு. வாயைத் திறந்து ரோர்ச் அடித்தால் தெரியாது. ஆகவே யாராவது வாயை மட்டும் பார்த்துவிட்டு "அடினொயிட் பெரிசு" என்றால், எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.

அது ஒரு நோயும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. கிருமியைப் பிடித்து உடம்புக்குப் பழக்கிக் கொடுக்கிற வேலை அதற்கு. 3 வயதிலிருந்து 7 வயதுவரை மிகப் பெரிதாக இருக்கும், பிறகு சுருங்கத் தொடங்கும், பதின்ம வயதில் அனேகமாக இல்லாமலே போய்விடும். "வளர வளரச் சரியாப் போயிரும் மனே" என்று என் அம்மா சொன்னது பாதி சரி. மற்றப் பாதி, அது சுருங்கும்வரை உள்ள இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை எதை இழக்கிறது என்பது. முடிவு முழுக்க அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இரண்டாவது: பிள்ளைக்கு உண்மையில் என்ன குறை?

ஒபரேஷன் பற்றி யோசிக்க முதல் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன காரணத்துக்காக டொக்டரிடம் போனோம்? எங்கள் இரண்டு வீட்டிலும் இதை எழுதியபோதே பாதி தெளிவு வந்துவிட்டது.

தங்கச்சி எழுதியது: அடிக்கடி தடிமன், எப்போதும் மூக்கு ஒழுகுது, நேர்சரி தொடங்கியதிலிருந்து மாதத்துக்கு ஒரு காய்ச்சல். நான் எழுதியது: வாயால் மூச்சு, குறட்டை, கூப்பிட்டால் திரும்புகிறான் இல்லை.

தடிமனுக்காக மட்டும் அடினொயிட் எடுப்பதில் பெரிய பலன் கிடைப்பதில்லை. நெதர்லாந்தில் 1 முதல் 6 வயதுவரையான 111 பிள்ளைகளை வைத்துச் செய்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பத் தடிமன் வருகிற பிள்ளைகளுக்கு அடினொயிட் எடுத்ததற்கும், எடுக்காமல் பார்த்திருந்ததற்கும் தடிமனின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. பாலர் பாடசாலை வயதில் வருடத்துக்கு ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது வழமைதான். மாரி மழையோடு நாலு மாதம் இருக்கிற எங்கள் ஊரில் அவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, பிள்ளை வருடம் முழுக்க ஒழுகுகிற மாதிரி இருக்கும்.

அப்போ எதற்காக எடுக்கிறார்கள்? பெரும்பாலும் இரண்டு காரணம்: நித்திரையில் மூச்சு அடைபடுவது, நடுக்காதில் நீர் நின்று கேட்கும் திறன் குறைவது. மூக்கு எந்நேரமும் முழுதாக அடைத்து மருந்துக்கும் இளகாமல் இருப்பது மூன்றாவது காரணம். உங்கள் தாளில் இருப்பது இந்த மூன்றில் எது என்று பாருங்கள்.

மூன்றாவது: இரவில் பக்கத்தில் இருந்து பாருங்கள்

இதைத்தான் மிக முக்கியமான படி என்பேன். கிளினிக்கில் டொக்டர் பிள்ளையைப் பார்ப்பது பகலில், விழித்திருக்கும்போது, சில நிமிடம். இரவைப் பார்க்கிறவர் நீங்கள் மட்டும்தான்.

நான் பார்த்த ஒரு இரவைச் சொல்கிறேன். நுளம்பு வலைக்குள் அவனுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, வானத்தைப் பார்ப்பது மாதிரி நாடியைத் தூக்கி, வாயைத் திறந்து படுத்திருந்தான். சேர்ட்டை மேலே தூக்கிவிட்டேன். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போனது, வயிறு மேலே வந்தது. குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, திடீரென்று நின்றது. நெஞ்சு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. மனதுக்குள் எண்ணினேன். ஏழு வந்தபோது விக்கியது போல ஒரு பெரிய மூச்சை இழுத்து, புரண்டு படுத்து, மறுபடியும் குறட்டையைத் தொடங்கினான். விடியப் பார்த்தால் தலையணி நனைந்திருந்தது. அதுவரை "அப்பாவைப் போலக் குறட்டை விடுறான்" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்த இரவுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். தடிமன் இல்லாத கிழமையில் எத்தனை இரவு குறட்டை? மூன்று இரவும் அதற்கு மேலும் என்றால் டொக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். மூச்சு நின்று நின்று வருகிறதா? பெரியவர்களுக்குப் பத்து விநாடி என்று கணக்கு வைப்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூச்சுத் தவறினாலே அது கணக்கில் சேரும். அளவுக்கு மிஞ்சி வியர்க்கிறதா, விசித்திரமான கோணத்தில் படுக்கிறதா, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வந்திருக்கிறதா? பகலில் எப்படி? நித்திரை போதாத பெரியவர் தூங்கி வழிவார். பிள்ளைகள் பெரும்பாலும் நேர்மாறு: துள்ளும், எரிந்து விழும், ஒரு இடத்தில் இருக்காது. "குழப்படிகாரன்" என்று பெயர் வாங்கின பிள்ளைகளில் சிலர் இரவில் வடிவாக நித்திரை கொள்ளாதவர்களாக இருக்கலாம்.

வீடியோ எடுங்கள். இரண்டு நிமிடம் போதும், முகமும் நெஞ்சும் வயிறும் ஒன்றாகத் தெரிய வேண்டும், சத்தம் பதிய வேண்டும், ஃபேன் சத்தம் மூடாமல் பாருங்கள். ஒன்று முன்னிரவில், இன்னொன்று விடியப்புறம் நாலு மணிபோல. மூச்சு அடைபடுவது விடியப்புறத் தூக்கத்தில்தான் கூடுதல். எங்கள் டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததைவிட அந்த வீடியோவை அதிக நேரம் பார்த்தார்.

உதடு நீலமாகிறது, விழித்திருக்கும்போதும் மூச்சு விடக் கஷ்டப்படுகிறது, ஒவ்வொரு இரவும் மூச்சு நின்று நின்று வருகிறது, நிறை ஏறாமல் நிற்கிறது என்றால் இந்த வழிகாட்டியின் மற்றப் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மூச்சுக்கே கஷ்டம் என்றால் உடனே 1990 அம்புலன்ஸ். மற்றவற்றுக்கு அடுத்த நாளே ஆஸ்பத்திரி.

நான்காவது: காது

அடினொயிட் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்துதான் நடுக்காதுக்குக் காற்றுப் போகும் குழாய் தொடங்குகிறது. அது அடைபட்டால் காதுச் சவ்வுக்குப் பின்னால் நீர் சேரும். பிறகு அந்த நீர் பசை போலத் தடிக்கும். வலி பெரும்பாலும் இருக்காது, காய்ச்சல் இருக்காது. பிள்ளைக்குத் தன் காது மந்தமானது தெரியவே தெரியாது. இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு நாள் முழுக்க வீட்டில் நடமாடினால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

எங்களுக்கு முதலில் சொன்னது நேர்சரி ரீச்சர். "அம்மா, பாட்டுப் போட்டால் மகன் ஆடுறார். ஆனா மற்றப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினதைப் பார்த்துத்தான் ஆடுறார்" என்றார். அன்று வீட்டில் அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக நின்று, சாதாரணக் குரலைவிடச் சற்றுக் குறைத்து, "ஐஸ்கிரீம் வேணுமா மகன்?" என்று கேட்டேன். திரும்பவில்லை. முகத்துக்கு நேரே வந்து அதே குரலில் கேட்டேன், துள்ளி எழும்பினான். என் உதட்டைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் விளங்கிக்கொண்டிருக்கிறான்.

நீங்களும் இப்படிப் பாருங்கள். பின்னாலிருந்து, குரல் உயர்த்தாமல், பிள்ளைக்கு ஆசையான ஒன்றைச் சொல்லி. ரீவியின் சத்தத்தைக் கூட்டுகிறதா, "என்ன? என்ன?" என்கிறதா, சொற்களின் கடைசி எழுத்துகளை விழுங்கிக் கதைக்கிறதா என்று கவனியுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் உள்ள பேச்சு வளர்ச்சிப் பக்கத்தை உங்கள் குடும்பநல மாதுவோடு இருந்து சரிபாருங்கள், அவர்களுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் தெரியும்.

இப்படி நிற்கிற நீர் நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடும். அதனால் மூன்று மாதம் பார்த்து, திரும்பவும் காது சோதிப்பதுதான் உலகத்தில் பல இடத்தில் நடைமுறை. மூன்று மாதத்துக்குப் பிறகும் இரண்டு காதிலும் நீர் நின்று, கேட்கும் சோதனையில் 25, 30 டெசிபல் அளவுக்குக் குறைவு இருந்தால் கிரொமெற் என்ற மிகச் சின்னக் குழாயைக் காதுச் சவ்வில் வைப்பதைப் பற்றிக் கதைப்பார்கள். அதோடு சேர்த்து அடினொயிட்டையும் எடுப்பதுண்டு. ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மூக்கடைப்பு எதுவும் இல்லாமல் காதுக்காக மட்டும் என்றால், முதலில் கிரொமெற் மட்டும் போதாதா? அடினொயிட் எடுப்பதன் பலன் காதைப் பொறுத்தவரை 4 வயதுக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது.

முதலாம் ஆண்டில் சேரப்போகிற பிள்ளை என்றால் இந்த மூன்று மாதக் கணக்கைப் பள்ளி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் காது மந்தமான பிள்ளை பின்வாங்கிலில் இருந்தால் எழுத்துகளின் சத்தமே பிழையாகப் படியும். எங்களைச் சீக்கிரம் முடிவெடுக்க வைத்தது அதுதான்.

ஐந்தாவது: எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள்?

இதை வெளியூர் வழிகாட்டிகளில் பார்க்க மாட்டீர்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மழையும். வீடு ஈரம், உடுப்புக் காயாது, பிள்ளைகள் எல்லோரும் மூடிய அறைக்குள். அந்த நேரம் எக்ஸ்ரே எடுத்தால் பாதிப் பிள்ளைகளின் அடினொயிட் வீங்கித்தான் இருக்கும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை, வைக்கோல் தூசு, வயலில் புகை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது இன்னொரு அடைப்பு. சித்திரைக்குப் பிறகு, கச்சான் அடிக்கத் தொடங்கியதும் நிறைய மூக்குகள் தானாகத் திறக்கும்.

தங்கச்சியின் மகளுக்கு அப்படித்தான். தையில் அடைத்துப் போயிருந்தவள் வைகாசியில் வாயை மூடிக்கொண்டு நித்திரை கொண்டாள். ஆகவே மழைக்காலத்தில் சொல்லப்பட்ட முடிவை, மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாவிட்டால், வெயில் காலத்தில் ஒரு தடவை திரும்பப் பரிசீலிக்கக் கேளுங்கள். என் மகனுக்குக் கச்சான் வந்தும் மாறவில்லை. அதுவே எங்களுக்கு ஒரு பதில்.

ஆறாவது: மருந்தோடு மூன்று மாதம்

பொறுத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. ஒழுங்காக மருந்து செய்து பார்க்க வேண்டும்.

உப்புத் தண்ணீர்: கொதித்து ஆறின தண்ணீர் ஒரு கோப்பை, அதாவது கால் லீற்றர், அதில் அரைத் தேக்கரண்டி உப்பு. அன்றைக்குச் செய்து அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக மூக்கில் விட வேண்டாம். ஒவ்வொரு துவாரத்திலும் சில துளி, பிறகு மெதுவாகச் சிந்தவிடுங்கள்.

அதற்குப் பிறகு டொக்டர் எழுதின ஸ்டீரொயிட் ஸ்பிரே. பெயரைக் கேட்டுப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம், நானும் ஒரு கிழமை நிறுத்தி வைத்தேன். மூக்குக்கு அடிக்கிற இந்த மருந்தின் அளவு மிகக் குறைவு, உடம்புக்குள் போவது அதைவிடக் குறைவு. நீண்ட காலம் அடித்தால் வளர்த்தியை டொக்டர் அளந்து பார்ப்பார். அடிக்கும் முறைதான் பலருக்குப் பிழைக்கிறது. தலையைச் சற்றுக் குனிய வைத்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும், முனையை நடுத்தண்டுக்கு நேரே காட்டாமல் காதுப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத்தண்டில் பட்டால் இரத்தம் கசியும். இரண்டு நாளில் எதுவும் தெரியாது. குறைந்தது ஆறு கிழமை விடாமல் அடித்த பிறகுதான் பலன் இருக்கிறதா என்று சொல்லலாம்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. மூக்கடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்தைக் கிழமைக்கணக்காக விட்டால் அடைப்புத் திரும்பி இன்னும் மோசமாக வரும். பிள்ளையை மயக்கி நித்திரை ஆக்குகிற தடிமன் சிரப்புகள், மூச்சு அடைபடுகிற பிள்ளைக்கு நல்லதில்லை. மூக்கில் எண்ணெய் விடுவது பழைய வழக்கம்தான், ஆனால் அது சுவாசப்பைக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சல் மாதிரி வருத்தம் வரலாம். கொதிதண்ணீர்ச் சட்டிக்கு மேல் பிள்ளையைக் குனிய வைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம், சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளை வார்ட்டில் பார்த்திருக்கிறேன். ஒவ்வாமைக்குக் கொடுக்கிற மொன்டெலுகாஸ்ட் மாத்திரை தந்தால், அதைக் குடிக்கிற நாட்களில் பிள்ளையின் குணத்திலோ கனவிலோ மாற்றம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் நுளம்புத்திரியை நிறுத்தி வலைக்கு மாறுங்கள். சிகரெட் புகைப்பவர் முற்றத்துக்கு வெளியே போகட்டும். குப்பையை வளவுக்குள் எரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதில் கடினமானது மாமாவை வெளியே அனுப்பியதுதான், ஆனால் பேரனுக்காக அவர் போனார்.

ஏழாவது: கிளினிக்கும் சோதனைகளும்

மட்டக்களப்பில் உள்ளவர்களுக்குப் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக் இருக்கிறது. மற்றவர்கள் கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ பிள்ளை வைத்தியரிடமோ காட்டிக் கடிதம் எடுத்துக்கொண்டு போகலாம். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் காத்திருப்பு இருக்கும். அவசரமாக இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் தனியாரில் சனல் பண்ணிக் கேட்டுவிட்டு, ஒபரேஷனை அரச ஆஸ்பத்திரியில் செய்வதில் தவறொன்றும் இல்லை. பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சோதனைகளில் எக்ஸ்ரே எளிது, ஆனால் பிள்ளை அழுதால், வாயைத் திறந்தால், கழுத்தைத் திருப்பினால் படம் மாறும். அந்தப் படத்தை மட்டும் வைத்து ஒபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது நேரே காட்டும், பிள்ளை மடியில் இருந்து ஒத்துழைத்தால் ஒரு நிமிட வேலை. காதுச் சவ்வின் அசைவை அளக்கிற சோதனையும் கேட்கும் சோதனையும் கட்டாயம் கேளுங்கள். நித்திரைச் சோதனை, அதாவது தூங்கும்போது இரவு முழுக்க மூச்சையும் ஒக்சிசனையும் பதிவு செய்வது, முழுமையாகச் செய்வது எல்லா இடத்திலும் இலகுவில்லை. ஒரு இரவு முழுக்க விரலில் ஒக்சிசன் அளக்கிற கருவி போட்டுப் பார்ப்பது அதற்கு அடுத்தபடி.

டொக்டரிடம் நான் கேட்ட கேள்விகள் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. எந்தக் காரணத்துக்காக எடுக்கிறோம்? டொன்சிலும் சேர்த்தா, அடினொயிட் மட்டுமா? ஆறு மாதம் பொறுத்தால் என்ன நட்டம்? அண்ணத்தைத் தடவிப் பார்த்தீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தாலோ, அண்ணத்தின் தோலுக்கடியில் பிளவு ஒளிந்திருந்தாலோ, அடினொயிட்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கால் ஒழுகும், பால் மூக்கால் வரும். எடுக்க முதல் பார்த்தால் தவிர்க்கலாம்.

எட்டாவது: முடிவு

மூன்று மாதம் முடிந்து, தாளும் வீடியோவும் சோதனை முடிவுகளும் முன்னால் இருக்கும்போது என் கணக்கு இப்படி.

இரவில் மூச்சு அடைபடுகிறது, பகலிலும் அதன் பாதிப்புத் தெரிகிறது என்றால் எடுப்பதன் பக்கம் சாயுங்கள். 5 முதல் 9 வயதுவரையான 464 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், டொன்சிலும் அடினொயிட்டும் எடுத்தவர்களில் 79 வீதத்தினருக்கு ஏழு மாதத்தில் நித்திரைச் சோதனை வழமைக்குத் திரும்பியது. எடுக்காமல் பார்த்திருந்தவர்களில் 46 வீதத்தினருக்குத் தானாகவே திரும்பியது. நடத்தையும் நித்திரையும் எடுத்தவர்களிடம் நன்றாக முன்னேறின, கவனச் சோதனைப் புள்ளிகளில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. லேசான பாதிப்பு என்றால் பொறுக்க இடமிருக்கிறது, கடுமை என்றால் இல்லை என்றுதான் நான் அதை வாசித்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகும் இரண்டு காதிலும் நீர், கேட்கும் திறன் குறைவு, வயது 4 தாண்டிவிட்டது, மூக்கும் அடைப்பு என்றால் அதுவும் எடுப்பதன் பக்கம். வெறும் தடிமன், நல்ல நித்திரை, நல்ல காது என்றால் எடுக்க வேண்டாம். முகம் நீண்டுவிடும், பல் முன்னுக்கு வந்துவிடும் என்ற பயத்துக்காக மட்டும் எடுக்கவும் அவசரப்பட வேண்டாம்.

"எதிர்ப்புச் சக்தி போயிரும்" என்று உறவுகள் சொல்வார்கள். டொன்சில், அடினொயிட் போன்ற திசு தொண்டையிலும் உடம்பிலும் இன்னும் பல இடத்தில் இருக்கிறது, அவை வேலையைச் செய்யும். ஆனால் அந்தப் பயத்தை நான் முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். டென்மார்க்கில் சுமார் 12 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சு சம்பந்தமான வருத்தங்கள் கூடுதலாக இருந்தன. எடுத்ததால்தான் அப்படி என்று அந்த ஆய்வால் நிறுவ முடியாது, ஏற்கெனவே வருத்தக்காரப் பிள்ளைகளுக்குத்தானே எடுக்கிறார்கள். இருந்தாலும் தேவையில்லாமல் எடுக்காதே என்று அது எனக்குச் சொன்னது.

வெளிநாட்டில் இருக்கிற தகப்பனையும் இந்த முடிவில் சேருங்கள். கட்டாரிலிருந்து வீடியோவில் பார்க்கிற வாப்பாவுக்குப் பிள்ளை பகலில் துள்ளுவதுதான் தெரியும். அந்த இரவு வீடியோவை அனுப்புங்கள்.

ஒன்பதாவது: நாள் குறித்த பிறகு

குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் கட்டுப்படாத வருத்தம் உண்டா என்று கேட்பார்கள். பல் பிடுங்கியபோது, மகனுக்குச் சுன்னத்துச் செய்தபோது, விழுந்து வெட்டுப்பட்டபோது இரத்தம் நெடுநேரம் நிற்காமல் இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். ஆடுகிற பல் இருந்தால் சொல்லுங்கள். 3 வயதுக்குக் குறைவு, டவுண் சின்ட்ரோம், இருதய வருத்தம், மிகையான நிறை என்றால் பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் செய்வது நல்லதா என்று கேளுங்கள். ஒபரேஷனுக்கு முந்திய இரண்டு கிழமையில் காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ வந்தால் மறைக்க வேண்டாம், நாளைத் தள்ளிப் போடுவார்கள். திரும்பவும் காத்திருக்க வேண்டுமே என்று பலர் மறைக்கிறார்கள், மயக்க மருந்தின்போது அது ஆபத்து.

வெறும் வயிறு: சாப்பாடும் பாலும் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் நாலு மணி, வெறும் தண்ணீர் இரண்டு மணி. உங்கள் வார்ட்டில் வேறு நேரம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். அம்மம்மாமார் இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்துவிடுவார்கள், முதல்நாளே சொல்லி வையுங்கள். சம்மதப் பத்திரத்தைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பிள்ளைக்கும் உண்மையைச் சொல்லுங்கள். "ஒரு முகமூடி வைப்பாங்க, நித்திரை வரும், எழும்பினால் தொண்டை நோகும், அம்மா பக்கத்தில் இருப்பன்." நான் இவ்வளவுதான் சொன்னேன்.

ஒபரேஷன் வாய் வழியாக, வெளியில் காயம் இல்லை, அடினொயிட் மட்டும் என்றால் அரை மணி நேரம்கூட எடுக்காது. விழித்ததும் அழுவான், உங்களையே தள்ளிவிடுவான், கொஞ்சம் இரத்தம் கலந்த எச்சில் வரும். அன்றோ அடுத்த நாளோ வீட்டுக்கு விடுவார்கள்.

பத்தாவது: வீட்டில் இரண்டு கிழமை

குழைசோறு, சொதியில் ஊறின இடியப்பம், தயிர், ஐஸ்கிரீம், நிறையத் தண்ணீர். முறுக்கும் காரச் சம்பலும் கொஞ்ச நாள் தள்ளி இருக்கட்டும். வாய் மணக்கும், குரல் மூக்கால் வருவதுபோல மாறும், காது நோவு என்று சொல்லும். ஒரு கிழமை, பத்து நாளில் இவை குறையும். நோவுக்கு நிறையின்படி எழுதித் தந்த பனடோல் சிரப்பை நேரம் தவறாமல் கொடுங்கள். அஸ்பிரின் கூடாது, கொடெயின் கலந்த எதுவும் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது.

எங்கள் மாவட்டங்களில் இன்னொரு கவனம் வேண்டும், டெங்கு. ஒபரேஷனுக்குப் பிறகு நோவுக்கு ஐபுப்ரொஃபென் எழுதித் தந்திருந்து, இடையில் நல்ல காய்ச்சல் தொடங்கினால், அடுத்த வேளையைக் கொடுக்க முதல் வார்ட்டுக்குக் கதைத்து இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். டெங்கு என்றால் அந்த மருந்து இரத்தக் கசிவைக் கூட்டும்.

இரத்தப்போக்கு அரிது, ஆனால் வந்தால் அவசரம். முதல் 24 மணித்தியாலம், பிறகு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, இந்த இரண்டு நேரமும் கண்ணாக இருங்கள். மூக்காலோ வாயாலோ சிவந்த இரத்தம், கோப்பி நிறத்தில் சத்தி, நித்திரையில் திரும்பத் திரும்ப விழுங்குவது, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி திருப்ப முடியாமல் இருப்பது, சலம் போகாமல் சோர்வது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போகும் வழியில் எதுவும் குடிக்கக் கொடுக்க வேண்டாம், மறுபடி மயக்க மருந்து தேவைப்படலாம். வாகரை, பொத்துவில் போன்ற தூர இடத்தவர்கள் முடியுமென்றால் முதல் பத்து நாள் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள உறவு வீட்டில் தங்குங்கள். கோயில் திருவிழாவும் பாசிக்குடாக் கடலும் இரண்டு கிழமை கழித்து.

எங்கள் வீட்டில் முதல் சில இரவு வீக்கத்தால் குறட்டை இருந்தது. எட்டாம் இரவு நான் திடுக்கிட்டு எழும்பினேன். அறையில் சத்தமே இல்லை. பயந்துபோய் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது, மூக்கால் இளஞ்சூடாக மூச்சு வந்தது.

கடைசியாக: ஆறு கிழமை கழித்து

அதே இடத்தில், அதே விடியப்புற நேரத்தில் இன்னொரு வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். குறட்டை மிச்சம் இருந்தால் ஒவ்வாமையோ டொன்சிலோ காரணமாக இருக்கலாம், சின்ன வயதில் எடுத்த சிலருக்கு அடினொயிட் திரும்ப வளர்வதும் உண்டு, கிளினிக்கில் காட்டுங்கள். காதுக்காக எடுத்திருந்தால் கேட்கும் சோதனையைத் திரும்பச் செய்யாமல் விட வேண்டாம். கிரொமெற் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாக விழும். மூன்று மாதம் கழித்தும் குரல் மூக்கால் வந்தால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் கடிதம் கேளுங்கள்.

ஒபரேஷன் செய்யாமல் விட்ட பிள்ளைக்கும் தவணை உண்டு. தங்கச்சி அடுத்த மாரி தொடங்கியதும், கார்த்திகையில், மகளின் இரவை மறுபடி பதிவு செய்தாள். தடிமன் இருந்தது, மூக்கு ஒழுகியது, மூச்சு ஒரு தடவையும் நிற்கவில்லை. அந்த வீடியோவை எனக்கு அனுப்பி, "அக்கா, எண்ணிப் பாத்தன், ஒரே சீரா வருது" என்று எழுதியிருந்தாள்.